யாழ்ப்பாணத்துக் குடும்ப வரலாறும் மரணச் சான்றுகளும்

குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் பிறப்பிலிருந்து தொடங்குதல் இயல்பு. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரையில் இறப்பிலிருந்து தொடங்குதலே பயன் தருவதாகும். குழந்தை பிறந்தவுடன் சாதகம் எழுதுவித்த குடும்பங்கள் பலவாயினும், அச்சாதகம் திருமணப் பொருத்தம் பார்க்கும் வரையிலேயே கருத்தோடு பேணப்பட்டது. அதன்பின் பெட்டகத்தின் அடியிற் கிடந்து செல்லரித்துப் போயிற்று. இறந்தவரின் திதியோ ஆண்டுதோறும் வேண்டப்பட்டது. திவசம் செய்யும் மகனுக்குத் தந்தை பிறந்த நாள் தெரியாதிருக்கலாம். இறந்த மாதமும் பக்கமும் திதியும் தெரிந்தே ஆகல்வேண்டும். இச்சமயக் கடமையோடு, காணியுரிமையை நிலைநாட்டும் தேவை ஒன்று. உற்றாருக்கும் ஊராருக்கும் செய்தி அறிவிக்கும் தேவை மற்றொன்று. இம்மூன்று தேவைகளும் மூன்று வகையான எழுத்துக்களைத் தோற்றுவித்தன. அரசினரின் மரணப் பதிவு, முப்பத்தோராம் நாட் கல்வெட்டு, பத்திரிகையின் மரண அறிவித்தல் என்பன அவை. ஒவ்வொன்றும் தான் எழுந்த தேவைக்கு வேண்டியதையே சொல்லும். மற்றையதைப் பற்றிக் கவலைப்படாது. இதனை உணராது ஒன்றை மாத்திரம் நம்பி எழுதப்பட்ட குலமரபுகள் பல இக்காலத்தே அச்சேறி வருகின்றன.

சான்றுகளை ஆராயுமுன் பெயர் பற்றிய இடர்ப்பாடொன்றைக் குறிப்பிடல் வேண்டும். மேனாட்டார் தம் குலமரபைத் தேடும்போது குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக மேலே ஏறிச் செல்வர். யாழ்ப்பாணத் தமிழருக்கு அத்தகைய குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே மகனின் முதலெழுத்தாகும்; அடுத்த தலைமுறையில் அம்முதலெழுத்தும் மாறிவிடும். பெண்ணுக்கோ மணம் முடிந்தவுடன் தந்தை பெயர் நின்றவிடத்திற் கணவன் பெயர் வந்து நிற்கும். ஒரே ஊரில் ஒரே காலத்திற் கந்தையாக்களும் சின்னத்தம்பிகளும் பத்துப் பேர் வாழ்ந்திருப்பர். போதாக்குறைக்குப் பேரன் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் வழக்கமும் உண்டு. ஆதலின் ஒருவரை இன்னார் என்று துணிதற்கு அவர் பெயர் போதாது. தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், மணம் முடித்த ஊர் ஆகிய நான்கும் வேண்டும். மிஷனரிமாரின் வட்டுக்கோட்டைச் செமினரி 1823ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பின்னர், அங்கே படித்த பிள்ளைகள் சிலருக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் இடப்பட்டமையால், உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் சைவப் பெயரோடும் மற்றவர் ஆங்கிலப் பெயரோடும் ஏடுகளிற் காணப்படுவதும் உண்டு.

ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்திற் காணித் தோம்பு, தலைத் தோம்பு, பாடசாலைத் தோம்பு எனப் பலவகை ஏடுகளை எழுதுவித்தனர். அவை வரி வாங்குதற்கும் ஊழியங் கொள்ளுதற்கும் ஞானஸ்நானம், விவாகம் என்பவற்றைக் குறித்தற்கும் எழுந்தவை. பிள்ளைகள் சட்டப்படி உரிமை பெறுதற்குத் திருச்சபையின் பதிவு வேண்டியிருந்தமையாற் சைவர்களும் அவ்வேடுகளிற் பெயர் எழுதுவிக்க நேர்ந்தது. ஆயினும் தோம்பு உயிரோடிருப்பவரின் ஏடேயாம். இறந்தவர் அதிலிருந்து மறைந்து போவார், அவ்வளவே. யாழ்ப்பாணக் கோட்டையினுள் 1706ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயத்துக் கல்லறைக் கற்கள் ஒல்லாந்தரின் மரணங்களையே கூறின. அத்தேவாலயம் போரில் அழிந்துபோயிற்று. 1913ஆம் ஆண்டிற் பென்றி லூயிஸ் என்னும் சிவில் சேவையாளர் இலங்கைக் கல்லறைப் பொறிப்புக்களைப் படியெடுத்து வெளியிட்ட நூல் எஞ்சியுள்ளது. தகனஞ் செய்யும் சைவருக்குக் கல்லறை ஏது? அவர்தம் வரலாற்றுக்கு அந்நூல் பெரிதும் உதவாது.

அரசினர் இறப்பை இறப்பாகப் பதியத் தலைப்பட்டது 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பின்னரேயாகும். இப்பொழுது நடைமுறையிலுள்ளது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். மரணப் பதிவிலே இறந்த திகதியும் இடமும், முழுப் பெயர், பால், இனம், வயது, தொழில், பெற்றோர் பெயர், மரண காரணம், அடக்கம் அல்லது தகனஞ் செய்த இடம், தகவல் தந்தவரின் பெயரும் முகவரியும் அவர் எந்த உரிமையில் தகவல் தருகின்றார் என்பதும் எழுதப்படும். இவற்றுள் இறந்த திகதியை நம்பலாம். வயதை அவ்வாறு நம்புதல் இயலாது. அது தகவல் தந்தவரின் மதிப்பீடு. அறுபது, எழுபது, எண்பது என முழு எண்களாக வருமிடத்து ஐயுறுதல் தகும். வீட்டில் நிகழ்ந்த மரணங்களுக்குக் காரணம் கூறியவரும் பெரும்பாலும் வைத்தியர் அல்லர். சுரம், முதுமை என்றாற்போல வருவனவற்றை நோயின் பெயராகக் கொள்ளாது வீட்டாரின் சொல்லாகக் கொள்ளுதலே பொருத்தம். பலரும் பொருட்படுத்தாது விடும் தகவல் தந்தவரின் பெயரே வரலாற்றுக்கு மிகப் பயன்படுவது. மகன் உயிரோடிருக்க மருமகன் சென்று பதிந்திருப்பின், மகன் அக்காலத்தே ஊரில் இல்லை என்பது குறிப்பு. மலாயாவுக்கோ கொழும்புக்கோ உத்தியோகம் பார்க்கச் சென்ற பிள்ளைகளின் சுவடு இவ்வாறு முதலில் வெளிப்படுதல் உண்டு.

பதிவைத் தேடுவோர் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்றுண்டு. இறந்தவரின் சொந்த ஊரிலே தேடுவர். சட்டமோ இறந்த இடத்தைப் பற்றியது. காரைநகரிற் பிறந்து காரைநகரில் வாழ்ந்தவர் யாழ்ப்பாணம் ஆசுபத்திரியில் இறந்தாராயின் அவர் பதிவு பட்டினத்திலேயே இருக்கும். மகளோடு தங்கியிருந்து கொழும்பில் இறந்தவர் கொழும்பிலே பதியப்பட்டிருப்பார். பூதவுடல் புகைவண்டியில் ஊர் வந்து சேர்ந்தமையை அறிந்த முதியவர்கள் இப்பொழுதும் இருக்கலாம். பதிவேடு பூதவுடலைத் தொடர்ந்து செல்வதில்லை. பதிவு எண் தெரியாதவிடத்துப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துத் தேடுவித்தல் கூடும். அதற்கும் ஆண்டு ஏறக்குறையத் தெரிந்திருக்கவேண்டும். அவ்வாண்டை எங்ஙனம் அறிவது? இங்கேதான் கல்வெட்டுத் துணை வருகின்றது.

கல்வெட்டு என்றவுடன் கோயிற் சுவரிற் பொறித்த சாசனம் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தார் அச்சொல்லைப் பிறிதொன்றுக்கும் வழங்கினர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்தபின், இறந்தவரின் வரலாற்றைச் செய்யுளில் அமைத்து உறவினர் நடுவே ஒருவர் இராகத்தோடு படிப்பர், அதுவே கல்வெட்டு. கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. ஏட்டில் எழுதிப் பின்னர் அச்சிட்டு வந்தோருக்கு வழங்கிய சிறு நூல். காப்புச் செய்யுள், ஊர்ச் சிறப்பு, குலமரபு, கல்வி, உத்தியோகம், மணம், மக்கட்பேறு, தருமங்கள், நோயுற்றமை, இறந்தமை என இது நடந்து, திதி நிர்ணய வெண்பாவில் உச்சம் பெற்று, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என நீண்டு, தேற்றத்தோடு முடியும். கடைசிப் பக்கத்திலோ முகப்பிலோ சுன்னாகம் திருமகள் அழுத்தகம் முதலிய அச்சகங்களின் பெயர் காணப்படும்.

இச்செய்யுள்களைப் புலவர்கள் இலக்கியமாகக் கொள்வதில்லை. கூலிக்குப் பாடிய பாட்டு எனத் தள்ளுவர். வரலாற்றாசிரியரோ புகழ்ச்சி மிகுந்தது எனத் தள்ளுவர். இருவர் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை. கல்வெட்டிலே தீயவர் எவரும் இறந்ததில்லை. கஞ்சர் எவரும் வாழ்ந்ததில்லை. ஆயினும் பாடியவர் எதனைப் புனையலாம், எதனைப் புனையலாகாது என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும். அந்தச் சபையிலே இறந்தவரின் உடன்பிறந்தாரும் சம்பந்திகளும் அயலவரும் அமர்ந்திருந்தனர். வள்ளன்மையைக் கூட்டிச் சொன்னால் அவர்கள் பொறுத்துக்கொள்வர். பாட்டன் பெயரை மாற்றியோ, மூத்த மருமகனை விட்டுவிட்டோ, திதியைப் பிழைபடவோ சொன்னால் பொறுத்திரார். புகழுரை நீங்க எஞ்சும் பெயர்களும் முறைகளும் நாளும் அச்சபையின் கண்டிப்புக்கு உட்பட்டவை. நீதிமன்றச் சாட்சியத்துக்குக்கூட இத்துணைப் பேர் முன்னிலையில் அங்கீகாரம் கிடைப்பதில்லை. புலம்பல்களையும் இவ்வாறே நோக்கலாம். மக்கள் புலம்பலில் இருக்கவேண்டிய பெயரொன்று இல்லாவிடின், அவர் முன்னரே இறந்தார் என்றோ குடும்பத்தோடு பகைத்திருந்தார் என்றோ ஐயுறல் வேண்டும். அவ்வையத்தைத் தீர்க்க வேறு சான்று தேடவேண்டும்.

திதி நிர்ணய வெண்பாவைப் பொருள்கொள்ளும் முறை சிறிது விரிவாகக் கூறத்தக்கது. வெண்பா பிரபவ முதலாகிய அறுபது ஆண்டுகளுள் ஒன்றன் பெயரையும், சூரிய மாதத்தையும், பூர்வபக்கம் அபரபக்கம் என்பதையும், திதியையும் கூறும். சிலவற்றில் மாதத்தின் தேதியும் கிழமையும் நட்சத்திரமும் வரும். தொல்லை என்னவெனில், ஆண்டின் பெயர் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வரும். பாட்டனார் பிரமாதி ஆண்டில் இறந்தார் என்றால் 1819, 1879, 1939, 1999 என்னும் நான்கும் பொருந்தும்.

எல்லோரும் அறிந்த ஒரு நாளைக் கொண்டு இதனை விளக்கலாம். ஆறுமுக நாவலர் மறைந்தது பிரமாதி ஆண்டு கார்த்திகை மாதம் 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு. ஆங்கிலக் கணக்கில் 1879 டிசெம்பர் 5. நாவலர் காலம் எது என்பதே தெரியாத ஒருவர் கையில், பிரமாதி, கார்த்திகை 21, வெள்ளி என்னும் மூன்று செய்தி மாத்திரம் கிடைத்ததாகக் கொள்வோம். அறுபது சூரிய ஆண்டுகளில் ஏறத்தாழ 21,915½ நாட்கள் உள. அதனை ஏழால் வகுத்தால் ஐந்தரை மிஞ்சும். ஆகவே அறுபது ஆண்டு கழித்து அதே தேதி ஐந்து அல்லது ஆறு கிழமை தள்ளி வரும். 1939இல் அது புதன் அல்லது வியாழனாகும், 1819இலோ ஞாயிறு அல்லது சனியாகும். 1999ஆம் ஆண்டிலும் வெள்ளி பொருந்தாது. எனவே எஞ்சுவது 1879 ஒன்றே. கிழமை கூறப்படாது தேதியும் திதியும் மாத்திரம் கூறப்பட்டிருப்பினும் வழியுண்டு. அறுபது ஆண்டு கழித்து அதே தேதியில் வரும் திதி முன்னையதினும் ஏறக்குறைய நான்கு திதி முந்திச் செல்லும். பழைய பஞ்சாங்கம் கையிலிருப்பின் எந்தச் சுற்று என்பதை அரைமணியிலே துணிந்துவிடலாம். மாதமும் திதியும் மாத்திரமே இருப்பின் இம்முறை உதவாது. மருமக்களின் பெயர், பேரப்பிள்ளைகளின் தொகை என்பவற்றைக் கொண்டு தலைமுறையை உய்த்துணரவேண்டியதே.

கல்வெட்டும் பதிவேடும் ஒருநாள் வேறுபடக் கண்டவுடன் ஒன்று பிழை என முடிவு செய்தல் ஆகாது. பதிவேட்டின் நாள் நள்ளிரவிலே தொடங்குவது. பஞ்சாங்கத்தின் நாள் சூரியோதயத்திலே தொடங்குவது. செவ்வாய் கழிந்து விடியற்புறம் மூன்று மணிக்கு இறந்தவர் பதிவேட்டிற் புதன்கிழமைக்குரியவர், கல்வெட்டிற் செவ்வாய்க்கிழமைக்குரியவர். வேறுபாடே ஈண்டு மரண நேரத்தைக் காட்டிக் கொடுக்கின்றது. வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்னும் இரண்டும் யாழ்ப்பாணத்தில் வழங்குவதால், இரு குடும்பத்தார் ஒரே நேரத்துக்கு வேறு வேறு திதி கொள்வதும் உண்டு. 1996 முதல் 2006 வரை இலங்கையின் மணிக்கூடு முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் அதனை ஏற்கவில்லை. அப்பத்தாண்டில் நள்ளிரவை ஒட்டி நிகழ்ந்த மரணங்களை ஆராய்பவர் இதனையும் மறத்தலாகாது.

மூன்றாவது சான்று பத்திரிகை அறிவித்தல். அமெரிக்க மிஷன் 1841ஆம் ஆண்டில் உதயதாரகையைத் தொடங்கியது. சைவர் பக்கத்தில் இந்துசாதனம் 1889ஆம் ஆண்டிலும், நா. பொன்னையாவின் ஈழகேசரி 1930ஆம் ஆண்டிலும், கொழும்பிலிருந்து வீரகேசரி 1930ஆம் ஆண்டிலும், தினகரன் 1932ஆம் ஆண்டிலும் வெளிவரலாயின. யாழ்ப்பாணத்தில் ஈழநாடு 1959ஆம் ஆண்டிலும், உதயன் 1985ஆம் ஆண்டிலும் தோன்றின. இலங்கை வானொலியும் மரண அறிவித்தல்களை வாசித்து வந்தது. ஊரெல்லாம் காது கொடுத்துக் கேட்ட அவ்வாசிப்புக்கள் காற்றோடு போயின, அச்சே எஞ்சிற்று.

அறிவித்தலின் வாய்பாடு எல்லோருக்கும் மனப்பாடம். ஓரூரைப் பிறப்பிடமாகவும் மற்றோரூரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் மகனும் இன்னாரின் கணவரும் இன்னாரின் தந்தையும் ஆவார் என அது நடக்கும். இதனைச் சடங்குரையாகக் கருதி விரைந்து படித்துவிடுகின்றோர் இழப்பது மிகுதி. ஆண்மகன் ஒருவனின் பிறப்பிடமும் வதிவிடமும் வேறாயின், வதிவிடம் பெரும்பாலும் மனைவியின் ஊராகும். சீதனமாகப் பெற்ற வீட்டிற் குடிபுகும் வழக்கத்தினை அவ்விரு சொற்களும் காட்டுகின்றன. தேசவழமைப்படி முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பிரியும் காணிகளின் உறுதிகளை எவ்வெவ்வூரிலே தேடவேண்டும் என்பதற்கும் அதுவே வழிகாட்டி. மரணசாதன வழக்குப் பற்றிய அறிவித்தல்கள் அதே பத்திரிகைகளிற் சில திங்கள் கழித்து வருதலும் உண்டு.

அறிவித்தலிலே மிகச் சிறிய, ஆயின் மிகப் பயனுடைய சொல் ‘காலஞ்சென்ற’ என்பது. பெற்றோர், உடன்பிறந்தார், மைத்துனர் என வரும் நீண்ட பட்டியலில் எவர் பெயருக்கு முன் அச்சொல் நிற்கின்றது, எவர் பெயருக்கு முன் நிற்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒரு குடும்பத்தின் அறிவித்தல் ஐந்தாறு சேர்ந்தால், தனியறிவித்தல் கிடைக்காத உறவினரின் இறப்பையும் இரண்டு திகதிகளுக்கு இடைப்படுத்திவிடலாம். 1952ஆம் ஆண்டு அறிவித்தலில் உயிரோடிருந்த அத்தை 1957ஆம் ஆண்டு அறிவித்தலிற் காலஞ்சென்றவராயின், மரணப் பதிவைத் தேடவேண்டிய காலம் ஐந்தாண்டாகச் சுருங்குகின்றது. இளைப்பாறிய ஆசிரியர், மலாயா பென்சனியர் முதலிய அடைகளும் அவ்வாறே பயன்படுவன.

இச்சான்றுகள் எங்கே உள? 1981ஆம் ஆண்டு மே மாத முடிவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களோடு பத்திரிகைத் தொகுப்புக்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. ஈழநாடு அலுவலகமும் அந்நாட்களிலேயே எரிக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டு நீங்கியபோது கல்வெட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துச் சென்றோர் சிலரே. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்திற் பத்திரிகைகளின் தொகுப்புக்கள் உள. கல்வெட்டுக்களும், அவற்றின் வழித்தோன்றலாகிய நினைவு மலர்களும் எந்தத் தொகுப்புச் சட்டத்துக்கும் கட்டுப்படாது வீட்டுக்கு வீடு சிதறிக் கிடப்பன. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகம் அவற்றைப் படியெடுத்துச் சேர்த்து வருகின்றது. ஆயினும் பழைய வீடு விற்கப்படும்போது அலுமாரியின் அடித்தட்டிலுள்ள மெல்லிய நூல்கள் குப்பையோடு செல்லுதல் இன்றும் நிகழ்கின்றது. கனடாவிலிருந்து வந்து வீட்டை விற்பவருக்கு அந்நூல்களின் பயன் தெரியாது. தெரிந்த முதியோர் அவ்வேளை அங்கிரார்.

போரில் இறந்தோர் பற்றிய நிலை வேறு. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்த போரின் இறுதித் திங்கள்களில் வன்னியில் மாண்டோர் பலருக்குப் பதிவும் இல்லை, அறிவித்தலும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஓராண்டுக்கு மேலாகச் செய்தியற்றுக் காணாமற் போனோரை இறந்தவராகப் பதிதற்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் வழி செய்தது. மரண அத்தாட்சிப் பத்திரத்தை ஏற்றல் தேடுதலைக் கைவிடுதலாகும் எனக் கருதிய தாய்மார் அதனை வாங்க மறுத்தனர். அதன்பின் 2016ஆம் ஆண்டில், இறந்தவர் என்னாது, காணப்படாதவர் என்று மாத்திரம் கூறும் சான்றிதழுக்கு இடமளிக்கப்பட்டது. திதி தெரியாத தந்தையருக்கு ஆடி அமாவாசையிலும், தாயருக்குச் சித்திரா பௌர்ணமியிலும் கீரிமலையிற் பிதிர்க்கடன் செய்தல் பழைய வழக்கம். காணாமற் போனவர் இறந்தார் என்று கொள்ளாத குடும்பத்தார் அதனையும் செய்வதில்லை.

அத்தகைய குடும்பங்களின் வரலாற்றை எழுதுவோர் நினைவு மலர்களைத் தலைகீழாகப் படிக்கவேண்டியிருக்கின்றது. பாட்டனாருக்கோ பாட்டியாருக்கோ போருக்கு முன்பின்னாக அச்சிடப்பட்ட மலரொன்று கிடைக்குமாயின், பேரப்பிள்ளைகளின் வரிசையில் அவ்விளைஞனின் பெயர் இருக்கும். அதன் முன்னே ‘காலஞ்சென்ற’ என்னும் சொல் இராது. அவன் உயிரோடிருந்தான் என்பதற்குக் குடும்பத்தார் கையொப்பமிட்ட கடைசி எழுத்து பெரும்பாலும் அதுவே. அடுத்து அக்குடும்பத்தில் ஒருவர் இறந்து அறிவித்தல் எழுதும்போது அப்பெயரை எவ்வடையோடு எழுதுவது என்பதை வீட்டார் கூடியிருந்து தீர்மானிக்கின்றனர். சில அறிவித்தல்களில் அப்பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், ‘காணாமற் போனவர்’ என்று அச்சிடப்பட்டுள்ளது.